ஆக்சிஜனை ஆஃப் பண்ணிட்டாங்க

பவுனம்மாளுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், மூக்கு சிவந்துவிடும். தெரியாமலா மலேசியாவில், இந்தக் கிள்ளானில் இத்தனை காலம் குப்பை கொட்டினாள்? காத்தாடியை ஆஃப் பண்ணு என்பாள். பக்கத்து வீட்டு மார்க்கிரட்டுக்கு இன்னைக்கு ஆஃப், அதான் துணி அலசுறா என்பாள். முட்டை ஆஃப் பாயிலா, முழுசா வேகணுமா என்று கேட்பாள். எடுத்து வைத்த தேங்காய்ப்பால் கெட்டுப்போனால், ஆஃப் ஆயிடுச்சு என்று கொட்டுவாள். மகள் போனில் சுருக்கமாகப் பேசினால், என்னடி, மூட் ஆஃபா என்பாள். பாருங்களேன், ஒரே ஒரு சொல். அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து ஆபீஸ் வரைக்கும் போய்விட்டு வந்துவிடுவாள்.

அந்தச் சொல்தான் ஒரு புதன்கிழமை காலை அவளை அடித்துக் கீழே தள்ளியது.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். போனில் குரல் செய்தி ஒன்று வந்து விழுந்தது. அனுப்பியது லெட்சுமி அண்ணி. பவுனம்மாளின் ஒரே அண்ணன் சின்னையாவின் மனைவி. கோலாலம்பூர் பக்கம் சாலாக் செலாத்தானில் இருக்கிறார்கள். அண்ணனும் தங்கையும் ஆறேழு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. ஆனால் அண்ணியும் நாத்தனாரும் அப்படி இல்லை. அண்ணனுக்குத் தெரியாமல் தினமும் காலையில் ரோஜாப்பூ படம் போட்ட வணக்கம் போகும், வரும். அந்த ரோஜாப்பூவுக்குப் பின்னால்தான் செய்திகளும் போய் வரும். சின்னையாவுக்கு நுரையீரலில் சளி கட்டி, கோலாலம்பூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதும், மூக்கில் ஆக்சிஜன் வைத்திருப்பதும் பவுனம்மாளுக்கு அப்படித்தான் தெரியும்.

தெரிந்தும் போகவில்லை. வா என்று அவர் ஒரு வார்த்தை சொல்லட்டுமே என்று இருந்துவிட்டாள். அவரோ, அவளாக வரட்டுமே என்று இருந்திருப்பார். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே, பிடிவாதம் மட்டும் வேறு வேறாகவா இருக்கும்?

வெங்காயக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போனைக் காதில் வைத்தாள்.

"பவுனு... பவுனு, ஆக்சிஜன ஆஃப் பண்ணிட்டாங்க பவுனு..." அதற்கு மேல் ஒரு விம்மல். "டாக்டர் வந்தாரு. இனிமே இது தேவையில்லன்னு சொல்லிட்டாரு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நீ கெளம்பி வா பவுனு. பழசெல்லாம் இனிமே எதுக்கு? வந்து ஒருவாட்டி அவர..."

அத்தோடு அறுந்துவிட்டது.

திருப்பி அழைத்தாள். எவளோ ஒருத்தி மலாயில், நீங்கள் அழைக்கும் எண் இப்போது கிடைக்காது என்று பாடம் ஒப்பித்தாள். மறுபடியும் அழைத்தாள். மறுபடியும் அதே பாடம். பவுனம்மாள் கதவைத் திறந்து, "மார்க்கிரட்டு!" என்று கத்தினாள்.

மார்க்கிரட் ஈரக் கையோடு ஓடி வந்தாள். செய்தியை இரண்டு தரம் போட்டுக் கேட்டாள். கேட்டுவிட்டு மெதுவாக நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அக்கா... எங்க வீட்டுக்காரர் ஜெயராஜுக்கும் இப்படித்தான் சொன்னாங்க. மிஷின ஆஃப் பண்ணிட்டோம்னு. அஞ்சு நிமிசங்கூட இல்லக்கா."

"அப்ப எங்க அண்ணன்?"

மார்க்கிரட் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியில் பவுனம்மாளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

சுபாங் ஜெயாவில் வேலை பார்க்கும் மகள் மாதவிக்கு அடித்தாள். மீட்டிங்கில் இருப்பாள் போல, எடுக்கவில்லை. எடுக்காததும் நல்லதாய்ப் போயிற்று. எடுத்திருந்தால் என்னவென்று சொல்வது? மார்க்கிரட் கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றாள் பவுனம்மாள். கையில் கிடைத்த வெளிர் சேலையைச் சுற்றிக்கொண்டு, அடுப்பை அணைத்தோமா இல்லையா என்று பாதி வழியில் நினைத்து, அணைத்தாச்சு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கிள்ளான் ஸ்டேஷனில் வந்து நின்றாள்.

ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அழுகை வரவில்லை. நெஞ்சுக்குள் ஒரே ஒரு வாக்கியம் மட்டும் சக்கரம் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. அது என்ன வாக்கியம் என்று சொல்ல வேண்டுமானால், மாதவியின் கல்யாணத்தைச் சொல்ல வேண்டும்.

மாதவிக்கு அப்பா இல்லை. சின்னையாதான் தாய்மாமன். கல்யாணத்தில் தாய்மாமன் மாலை போட்டு, கைப்பிடித்து அழைத்து வந்து மணவறையில் உட்கார வைக்க வேண்டும். அதை வேறு எவனாவது செய்தால் நாலு பேர் நாலு விதமாய்ப் பேசுவார்கள். சின்னையா அப்போது ஒரு தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு. கல்யாணத்துக்கு முந்தின வாரம் போன் பண்ணி, "பவுனு, பேசிட்டேன். ஆஃப் டே கெடச்சிருச்சு," என்றார். பவுனம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. "போதும்ணே, அது போதும்," என்றாள்.

முகூர்த்தம் காலையில். அண்ணன் வரவில்லை. ஐயர் இரண்டு தரம் எழுந்து பார்த்தார். மாப்பிள்ளை வீட்டார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். கடைசியில் செத்துப்போன புருஷனின் ஒன்றுவிட்ட தம்பி கமலநாதனை நிறுத்தி மாலை போடச் சொன்னார்கள். அவன் மாலையைத் தலைகீழாகப் பிடித்தான். அதைப் பார்த்து மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி வாயைப் பொத்திச் சிரித்தாள். பவுனம்மாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

பந்தி முடிந்து இலை எடுக்கிற நேரத்தில் சின்னையா வந்தார். வேலைச் சட்டையோடு, கையில் சீர்த்தட்டோடு, வேர்த்து விறுவிறுத்து, வாயெல்லாம் பல்லாக வந்தார். "எங்கடா பொண்ணு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். மண்டப வாசலில், சம்பந்தி வீட்டார் முன்னாலேயே பவுனம்மாள் மறித்தாள்.

"தாய்மாமன் செத்துப்போயிட்டான்னு நெனச்சு வேற ஆள நிக்க வச்சாச்சு. செத்தவனுக்கு இங்க என்ன வேல?"

சின்னையாவின் சிரிப்பு அப்படியே நின்றது. தட்டை வாசற்படியில் வைத்தார். ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனார்.

அந்த வாக்கியந்தான் இப்போது ரயிலில் அவளோடு வந்துகொண்டிருந்தது. ஷா ஆலாமைத் தாண்டும்போதும் வந்தது, சுபாங்கைத் தாண்டும்போதும் வந்தது. இறங்கு என்றாலும் இறங்காது. இத்தனை வருஷமும் அவளுக்குள் ஒரு கணக்கு இருந்தது. என்றைக்காவது ஒரு நல்லது கெட்டதில் நேருக்கு நேர் பார்ப்போம், அப்போது அந்த ஒரு வார்த்தையை மட்டும் எப்படியாவது அழித்துவிடலாம், மற்றதற்கெல்லாம் சண்டை போட்டுக்கொள்ளலாம் என்று. இனி யாரிடம் போய் அழிப்பது?

கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கி, பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் வெளியே வந்தாள். வெறுங்கையோடு எப்படிப் போவது? பூக்கடை முன்னால் நின்றாள். எதிர்ப்பக்கத் துணிக்கடைக் கண்ணாடியில் சிவப்புச் சிவப்பாக ஆஃப், ஆஃப் என்று எழுதி ஒட்டியிருந்தது. அவளுக்குப் படிக்கத் தெரிந்த சில இங்கிலீஷ் சொற்களில் அதுவும் ஒன்று. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வாங்க ஆன்டி, என்ன மால வேணும்?" என்றாள் பூக்கட்டும் பெண்.

"எங்க அண்ணனுக்கு."

"ஓ! அண்ணனுக்கு என்னா விசேஷம் ஆன்டி? அறுபதாங் கல்யாணமா?"

பவுனம்மாள் வாயைத் திறந்தாள். ஒரு சொல். சொன்னால் அந்தப் பெண் வெள்ளைச் சம்பங்கியை எடுத்துக் கொடுத்துவிடுவாள், வேலை முடிந்தது. மண்டப வாசலில் அத்தனை பேர் முன்னால் மணி அடித்த மாதிரி வந்த சொல், இப்போது தொண்டையைத் தாண்டவில்லை.

"எழுபதுக்கு மேல ஆச்சு," என்றாள்.

"அப்ப எம்பதா? நல்லாயிருக்கட்டும் ஆன்டி. இந்தாங்க, நல்ல ரோசா மால. ஜம்முனு இருக்கும் லா." ஜரிகை வைத்து, குஞ்சம் வைத்து, மாப்பிள்ளை மாலை மாதிரி ஒன்றைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டாள். பவுனம்மாள் மறுக்கவில்லை. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும்.

டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கீழே விசாரிக்கிற இடத்தில் முக்காடு போட்ட மலாய்ப் பெண் ஒருத்தி இருந்தாள். பவுனம்மாள் அண்ணன் பெயரைச் சொல்லி, பிணவறை எந்தப் பக்கம் என்று தனக்குத் தெரிந்த மலாயில் கேட்டாள். அந்தப் பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினாள்.

"மாசே அடா, மக்சிக். மேலே, ஏழாவது வார்ட்."

இன்னும் இருக்கு, ஆன்டி என்று அர்த்தம். இன்னும் கீழே கொண்டு வரலையாக்கும் என்று பவுனம்மாள் எடுத்துக்கொண்டாள். நல்லவேளை, ஐஸ் பெட்டியில் வைப்பதற்குள் முகத்தைப் பார்த்துவிடலாம்.

லிஃப்டில் ஏறும்போதுதான் அழுகை உடைந்தது. வார்டு வாசலில் மாலையை வெளியே எடுத்து இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டாள். உள்ளே கால் வைத்ததும் அடிவயிற்றிலிருந்து கிளம்பியது குரல்.

"அண்ணே... என்னப் பெத்த அண்ணே... என்னைய விட்டுட்டுப் போயிட்டியேண்ணே..."

வார்டே திரும்பிப் பார்த்தது. மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்த நர்ஸ் நின்றுவிட்டாள். கடைசிக்கு முந்தின கட்டிலில், தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்த ஒரு கிழவரும் கரண்டியை வாயில் வைத்தபடியே திரும்பிப் பார்த்தார்.

பவுனம்மாள் அந்தக் கிழவரைப் பார்த்தாள். மெலிந்திருந்தார். மூக்கின் இரண்டு பக்கமும் குழாய் பதிந்த தழும்பு. ஆனால் அந்தப் பெரிய காது, அந்த முறைப்பு...

"பவுனு! வந்துட்டியா!" என்று லெட்சுமி எழுந்து ஓடி வந்தாள்.

பவுனம்மாள் மாலையும் கையுமாக அவள்மேல் சாய்ந்தாள். லெட்சுமி தாங்கிப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். நர்ஸ் வந்து, பூ உள்ளே கொண்டுவரக் கூடாது மக்சிக் என்று மாலையை வாங்கிக்கொண்டு போய்க் கவுன்ட்டரில் வைத்தாள். போகிற போக்கில் அழகாயிருக்கு என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

சின்னையா கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். தங்கையைப் பார்க்கவில்லை. மனைவியைத்தான் பார்த்தார்.

"லெட்சுமி, யாரோ ஒரு அம்மா கோயிலுக்குப் போறதுக்கு வழி தப்பி இங்க வந்துட்டாங்க போலருக்கு. என்னா ஏதுன்னு கேட்டு அனுப்பு."

"அண்ணி!" பவுனம்மாளுக்கு மூச்சு வாங்கியது. "நீங்கதானே சொன்னீங்க, ஆக்சிஜன ஆஃப் பண்ணிட்டாங்கன்னு!"

"ஆமா பவுனு, ஆஃப் பண்ணிட்டாங்க. காலையில கழட்டிட்டாங்க. தானாவே நல்லா மூச்சு விடுறாரு, இனிமே தேவையில்லன்னு டாக்டர் சொன்னாரு. எனக்கு ஒரே சந்தோசம், அழுகையே வந்திருச்சு."

"சந்தோசத்துலயா அழுதீங்க? அந்த அழுகையா சந்தோசம்? அப்புறம் போன எதுக்கு அடச்சீங்க?"

"நான் எங்க அடச்சேன்? பேசிக்கிட்டு இருக்கும்போதே பேட்டரி போயி அதுவா ஆஃப் ஆயிடுச்சு. மூணு நாளா இங்கயே கெடக்கேன், சார்ஜருக்கு எங்க போவேன்?"

சின்னையாவுக்கு இப்போதுதான் விஷயம் பிடிபட்டது. உதடு துடித்தது. சிரிப்பா கோபமா என்று அவருக்கே தெரியவில்லை.

"லெட்சுமி, அந்த மால எனக்கான்னு கேளு."

லெட்சுமி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பொணத்துக்கு எவளாச்சும் ஜரிக வச்ச ரோசா மால வாங்குவாளான்னு கேளு. எனக்கென்ன பொண்ணா பாத்திருக்கா?"

"பூக்கடையில கேட்டாங்க, எதுக்குன்னு," என்றாள் பவுனம்மாள் தரையைப் பார்த்தபடி. "எனக்கு வாய் வரலன்னு சொல்லுங்க அண்ணி."

சின்னையா கஞ்சியைக் கிளறினார். பிறகு ஆறிப்போன புண்ணைத் தானே நகத்தால் கீறினார்.

"வாய் வரலையாமா? மண்டப வாசல்ல மட்டும் கணீர்னு வந்துச்சே."

பவுனம்மாள் விருட்டென்று நிமிர்ந்தாள். செத்துப் பிழைத்த அண்ணன், ஆஸ்பத்திரி, நர்ஸ், எல்லாம் மறந்துபோயிற்று.

"வராம? நீ பண்ணுனதுக்கு ஆரத்தியா எடுப்பாங்க? ஆஃப் டே கெடச்சிருச்சுன்னு சொன்ன மனுசன், இல எடுக்கையில வந்து நிக்கிற! அந்தக் கமலநாதன் மாலையத் தலகீழாப் புடிச்சத நீ பாத்தியா?"

"ஆமா சொன்னேன்! ஆஃப் டேன்னுதான் சொன்னேன்! நீ என்னா சொன்னே? போதும்ணே, அது போதும்னே!"

"பின்ன? ஒரு நாள் முழுக்க லீவு கெடச்சா போதாதா? நான் என்ன ரெண்டு நாளா கேட்டேன்?"

"முழுக்கவா? எவன் குடுத்தான் முழு நாளு? காலையில ஃபேக்டரி ஆளுங்களக் கொண்டுபோயி எறக்கணும், அதுக்கு மேல நான் போலாம்னு சொன்னான். மத்தியானத்துலருந்து பாதி நாளு. ஆஃப் டே!"

"ஆஃப்னா பாதியா?"

"பாதிதான்! ஆஃப் பாயில்னா என்னாடி, முட்டைக்கு லீவா?"

பவுனம்மாளின் வாய் திறந்தபடி நின்றது.

பக்கத்துக் கட்டிலில் பத்திரிகைக்குப் பின்னால் ஒரு தொண்டைக் கனைப்பு கேட்டது. வீரசிங்கம், ஓய்வுபெற்ற அரசாங்கக் குமாஸ்தா, யாழ்ப்பாணத்து வழி வந்தவர். இவ்வளவு நேரமும் ஒரே பக்கத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, தலையிடுறன் எண்டு நினைக்கக் கூடாது. இது ரெண்டு சொல்லு. பாதிக்கு உள்ளது ஹாஃப். முன்னுக்கு ஒரு எச் இருக்குது. நெஞ்சில இருந்து காத்தை வெளியில விட வேணும். ஹா... ஹாஃப். லீவுக்கு உள்ளது ஆஃப்." சொல்லிக் காட்டப் போய் அவருக்கே இருமல் வந்துவிட்டது.

"காத்து விட முடியாமத்தானே சார் நாம ரெண்டு பேரும் இங்க படுத்துக் கெடக்கோம்," என்றார் சின்னையா.

"அது சரி. ஆனா ஆஃப் எண்ட சொல்லு லேசுப்பட்டதில்லை. லைட் ஆஃப் எண்டால் அணையுது. அலாரம் ஆஃப் எண்டு இங்கிலீஷ்காரன் சொன்னால் சில நேரம் அது அடிக்குது எண்டு அர்த்தம். பிளேன் டேக் ஆஃப் எண்டால் கிளம்புது. பால் ஆஃப் எண்டால்..."

"கொட்டணும்," என்றாள் பவுனம்மாள்.

"ஓம். அதே சொல்லுதான். முன்னுக்கும் பின்னுக்கும் என்ன வருது எண்டு பாக்க வேணும்."

"பாக்காமத்தான் ஐயா ரெண்டு பேரும் ஆறு வருசம் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருந்தாங்க," என்றாள் லெட்சுமி. சொல்லிவிட்டு அவளே முதலில் சிரித்தாள். "ஒரு எச்சுக்கு! பவுனுக்குன்னு சுட்ட பலகாரத்த அக்கம்பக்கத்துக்கெல்லாம் குடுத்துத் தீத்தேனே, ஒரு எச்சுக்கு!"

பவுனம்மாளுக்கும் சிரிப்பு வந்தது. அழுத முகத்தோடு சிரிப்பு வந்தால் எப்படியிருக்கும், உங்களுக்குத் தெரியும். சின்னையாவின் தோள்கூடக் குலுங்கியது. எதிர்க் கட்டிலில் இருந்த சீனர் என்ன ஏதென்று தெரியாமலேயே கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

அத்தோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். சிரிப்பு அடங்கியதும் சின்னையாவின் முகம் மெல்ல மாறியது. கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"சரி. நான் சொன்னதுக்கு ரெண்டு அர்த்தம். ஏதோ நாக்குல கோளாறு. நீ சொன்னதுக்கு எத்தன அர்த்தம் பவுனு?"

பவுனம்மாள் கவுன்ட்டரில் இருந்த மாலையைப் பார்த்தாள்.

"நானும் யோசிச்சுப் பாத்தேன். பஸ் ஓட்டும்போதெல்லாம் யோசிச்சேன். வேற ஏதாச்சும் அர்த்தம் இருக்குமா, கோவத்துல சொன்னா வேற மாதிரி எடுத்துக்கலாமான்னு. இல்ல. செத்தவன்னா செத்தவன்தான். ஒவ்வொரு தீவாளிக்கும் இவ கேப்பா, முறுக்கு சுட்டிருக்கேன், பவுனுக்குக் குடுத்து விடட்டுமான்னு. எழவு வீட்டுப் பலகாரத்த எவடி திம்பா, உள்ள வையின்னு சொல்லுவேன்."

லெட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வீரசிங்கம் பத்திரிகையை மடித்துவிட்டு, மெதுவாக மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சில பேருக்கு இங்கிலீஷைவிட, எப்போது ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பது நன்றாகத் தெரியும்.

மன்னிச்சிரு என்று சொல்லலாம். அது பத்திரிகையில் அச்சுப் போட்ட சொல் மாதிரி, அண்ணனிடம் எப்படிச் சொல்வது? சாரி என்று சொல்லலாம். பஸ்ஸில் எவன் காலையாவது மிதித்தால் சொல்வது அது. பவுனம்மாள் இரண்டையும் நாக்கில் வைத்துப் பார்த்தாள். இரண்டும் போதவில்லை. கடைசியில் நடந்ததையே சொன்னாள்.

"இன்னைக்குக் காலையிலருந்து இந்த வாசல் வர்ற வரைக்கும் எனக்கு நீ செத்தவன்தாண்ணே. நெசமாவே. வெங்காயத்த அப்படியே போட்டுட்டு வந்தேன். ரயில்ல ஒரு பிள்ள பிஸ்கட் நீட்டுச்சு, என்னால சிரிக்க முடியல. பிரிக்ஃபீல்ட்ஸ்ல வெயில் அடிச்சுது. எங்கண்ணன் இல்ல, இந்த வெயில் எதுக்கு அடிக்குதுன்னு தோணுச்சு. கொஞ்ச நேரந்தான். அந்தக் கொஞ்ச நேரமே என்னால தாங்க முடியலண்ணே." அவள் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "உசிரோட இருக்கும்போதே நீ அந்த வார்த்தைய வச்சுக்கிட்டு இத்தன வருசம் இருந்திருக்கியே. எப்படிண்ணே இருந்தே?"

சின்னையா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியதா, இருமலை அடக்கினாரா என்று சொல்ல முடியாது. போர்வை நுனியைச் சுருட்டினார், விரித்தார்.

"மாதவிக்கு எத்தன பிள்ளைங்க?" என்று கேட்டார் கடைசியில்.

"ஒண்ணு. பொம்பளப் பிள்ள. உன் காது."

"பாவம்," என்றார்.

பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று பாதுகாவலர் வாசலில் நின்று கை தட்டினார். ஒவ்வொரு கட்டிலாக ஆட்கள் எழுந்தார்கள். பவுனம்மாளும் எழுந்தாள். அண்ணனின் போர்வையை இழுத்துக் காலை மூடினாள். கிண்ணத்தில் கஞ்சி பாதி அப்படியே இருந்தது. முடிச்சிரு என்று கண்ணால் காட்டினாள். அவர் முகத்தைச் சுளித்தார். இதற்கு மேல் நின்றால் பாதுகாவலர் திட்டுவார். நாம் எல்லோரும் எந்த வீட்டிலிருந்து கிளம்பும்போதும் சொல்வோமே, வாயில் தானாக வருமே, அதைத்தான் அவளும் சொன்னாள்.

"போய்ட்டு வரேண்ணே."

இதற்கு யாரும் பதில் சொல்வதில்லை. சொன்னால் சரி என்பார்கள், தலையை ஆட்டுவார்கள். பவுனம்மாளும் அதையே எதிர்பார்த்துத் திரும்பி இரண்டடி வைத்துவிட்டாள்.

"எப்ப?"

அவள் நின்றாள். காதில் விழுந்தது சரிதானா என்று திரும்பிப் பார்த்தாள்.

"வரேன்னியே," என்றார் சின்னையா. "எப்ப வருவேன்னு கேக்குறேன்."

"நாளைக்கு," என்றாள் பவுனம்மாள். "நாளைக்கு வரேண்ணே. காலையில மொத ரயிலப் புடிச்சு வந்துறேன்."

"காலையில வந்து என்ன பண்ணுவே, வாசலக் கூட்டுவியா? மத்தியானந்தான் உள்ள விடுவான். மெல்ல வா." அவர் கிண்ணத்தை மறுபடியும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "அந்தப் பிள்ளையோட படம் ஏதாச்சும் இருந்தா எடுத்துட்டு வா."